முழங்கை அளவு

ஒரு மனிதன் எழுத வேண்டுமானால் என்ன வேண்டும்? எழுத்துத் தெரிந்த கை ஒன்று, கொஞ்சம் மை, தாளுக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஏதாவது ஒன்று. இவ்வளவு போதும் என்றுதான் கறுப்பன்கல் தோட்டத்துச் செல்லசாமி வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தான். எழுதியதை நேரத்தோடு தபாலில் போட்டால் போய்ச் சேரும் என்றும் நம்பினான். இந்த இரண்டு மூடநம்பிக்கைகளிலிருந்தும் அவனைக் கரையேற்றிய பெருமை, அகில மலைநாட்டு உழைப்பாளர் உயர்வுச் சங்கத்தின் அட்டன் ஜில்லாக் கமிட்டியைச் சேரும். வேறு யாரும் அந்தப் பெருமையில் பங்கு கேட்டு வரப்போவதில்லை. ஆகையால் தாராளமாகவே சொல்லலாம்.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். நாடு சுதந்திரம் வாங்கி மூன்று வருஷமாகியிருந்தது. வாங்கிய கையோடு, தேயிலை மலையில் முதுகு ஒடிகிறவர்களைப் பார்த்து, ‘நீங்களெல்லாம் யார்?’ என்று கேட்டுவிட்டார்கள். கேட்டதோடு விட்டார்களா? எங்கே பிறந்தாய், உன் அப்பன் எங்கே பிறந்தான், எத்தனை வருஷமாக இங்கே கிடக்கிறாய், எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வைத்துப் பிரஜாவுரிமைக்கு மனுப் போடு என்றார்கள். ஆகஸ்டு ஐந்தாம் தேதி கடைசி நாள். அதற்குள் மனுப் போடாதவன் நாடில்லாதவன்.

நோர்வூட்டிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் கறுப்பன்கல் தோட்டம். அங்கே எண்பத்துநாலு குடும்பம். அந்த எண்பத்துநாலுக்கும் எழுத்துத் தெரிந்த ஆள் செல்லசாமி ஒருவன்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரைக்கும் படித்தவன், கவ்வாத்து வேலைக்காரன். நாள் முழுக்கக் கத்தியோடு குனிந்து தேயிலைச் செடியை வெட்டுவான். நாலரைக்கு வேலை விட்டு, வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்ததும் மேல் கழுவி, ஒரு பழைய தேயிலைப் பெட்டியைத் தன் ஒற்றையறைக் காம்பரா வாசலில் கவிழ்த்துப் போடுவான். படங்குச் சாக்கை நாலாக மடித்துக் கீழே போட்டுச் சப்பணங்கால் போட்டு உட்காருவான். வாசல் வெளிச்சம் இருக்கிறவரைக்கும் எழுதுவான். பகலெல்லாம் குனிந்து நின்றவனுக்கு அப்படி உட்காருவதே பெரிய சொகுசாக இருந்தது.

தை மாதக் கடைசியில் தொடங்கினான். வாரத்துக்கு நாலு மனு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் பிறப்புப் பத்திரம், தோட்டத்தில் பேர் பதிந்த துண்டு, அம்மை குத்திய சீட்டு என்று தகரப்பெட்டியில் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவார்கள். அவன் பொறுமையாகப் பார்த்து, எழுதி, பத்திரத்தை மனுவோடு சேர்த்துத் தைத்து, நோர்வூட் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டுவிடுவான். பக்கத்துக் காம்பரா மூக்கன் மனு எழுதியபோது மூக்கனே தேத்தண்ணியைக் கொட்டிவிட்டான். துடைத்துக் காயவைத்து அதையும் போட்டாயிற்று.

சித்திரை பிறக்கும்போது நாற்பது மனு போயிருந்தது. இன்னும் நாற்பத்துநாலு. இதே ஓட்டத்தில் போனால் ஆனி முடிவதற்குள் கடைசி மனுவும் போய்விடும். அந்தக் கடைசி மனு அவனுடையதுதான்.

“ஏங்க, நம்மளத மொதல்ல எழுதி எறிஞ்சிட்டா என்னங்க?” என்று அவன் பெண்சாதி ராசம்மா நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

“எழுதுறவன் தன்னோடத மொதல்ல எழுதினான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிறக் கூடாது புள்ள.”

“பந்தி வைக்கிறவன் பட்டினி கெடந்தா ஊரு மெச்சும். வயிறு மெச்சுமா?” என்றாள் அவள். அவள் கவலை அவளுக்கு. இரண்டு பேரும் இந்த மலையில் பிறந்தவர்கள். அவள் பெற்ற முதல் பிள்ளையை எட்டாம் நம்பர் மலையின் அடியில்தான் புதைத்திருந்தார்கள். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் கை காட்டத் தெரியாது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் சங்கம் வந்து சேர்ந்தது.

வருஷப் பிறப்பு வாழ்த்துச் சொல்ல ஜில்லாத் தலைவர் சோலைமலை வந்தார். அவருடைய தகப்பனார் பெரிய கங்காணியாக இருந்து இந்த ஜனங்களை ஆட்டிப் படைத்தவர். அந்தப் பாவத்தை இவர் தலைவராக இருந்து தொடர்ந்துகொண்டிருந்தார். போன வருஷம் தொழிலாளர் மகாநாட்டுக்காகச் சீமைக்குப் போய், ஒரு கோட்டும் ஒரு புத்தகமும் கொண்டு வந்திருந்தார். கோட்டை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. புத்தகத்தை அவருடைய காரியதரிசி பழனியாண்டி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். வேலை செய்கிற இடத்தை எப்படி வசதியாக அமைத்துக்கொள்வது என்று வெள்ளைக்காரன் எழுதிய புத்தகம் அது. தலைவர் அதில் முதல் பன்னிரண்டு பக்கம் வாசித்திருந்தார்.

லயத்தோரம் நடந்து வந்த தலைவர், செல்லசாமியின் வாசலில் நின்றுவிட்டார். செல்லசாமி பதறி எழுந்து கையைக் கட்டிக்கொண்டான்.

“இது என்ன?”

“பெட்டிங்க.”

“பெட்டின்னு தெரியுது. யாரோட பெட்டி?”

“தொரையோடதுங்க. ஒடைஞ்ச பெட்டின்னு ஸ்டோருல வீசிட்டாங்க.”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது சனங்கள் கூடியிருந்தார்கள். சனங்கள் கூடினால் அவருக்குப் பேச்சு தானாக மேடைத் தமிழுக்கு ஏறிவிடும்.

“வெள்ளைத் துரை வீசி எறிந்த பெட்டியின் மேல் வைத்தா நமது உரிமையை எழுதுவது? முதுகு கூனி, கால் மடங்கி, தரையிலே கிடந்து எழுதுகிற மனுவிலே மானம் இருக்குமா? சீமையிலே ஒரு குமாஸ்தா எப்படி உட்காருகிறான் தெரியுமா? முழங்கை மேசையிலே மட்டமாக நிற்கும். பாதம் தரையிலே பரவி நிற்கும். வெளிச்சம் இடது பக்கமிருந்து விழும். கண் களைத்தால் பார்ப்பதற்கு ஒரு பச்சைச் செடி இருக்கும். அப்படி உட்கார்ந்தால் ஒருவன் ஒரு நாளில் எத்தனை மனு எழுதலாம்? காரியதரிசி, எத்தனை?”

“பன்னிரண்டுங்க தலைவர்,” என்றார் பழனியாண்டி, புத்தகத்தைத் திறக்காமலே.

“பன்னிரண்டு. இவனோ வாரத்துக்கு நாலு எழுதிக்கொண்டிருக்கிறான்.”

சனங்களுக்குச் செல்லசாமியைப் பார்க்கவே கொஞ்சம் வருத்தமாகப் போய்விட்டது. இத்தனை நாளாக இவன் நம்மை ஏய்த்துக்கொண்டிருந்தானோ என்று கூட ஒன்றிரண்டு பேருக்குத் தோன்றியது. அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. கறுப்பன்கல் தோட்டத்தில் சங்கச் செலவில் ஒரு நவீன மனு எழுதும் நிலையம் அமைப்பது. அது அமையும் வரைக்கும் மானத்துக்குக் குறைவான எந்த இடத்திலும் எவரும் மனு எழுதாதிருப்பது. எழுதாத மனுக்களின் அச்சுப் பாரங்களையும் அவற்றைச் சேர்ந்த பத்திரங்களையும் அட்டன் காரியாலயத்து இரும்பு அலமாரியில் பத்திரமாக வைப்பது. அந்தப் பெட்டியையும் அடிமைச் சின்னம் என்று சீட்டு ஒட்டிக் காரியாலயத்தில் வைப்பதற்காகத் தூக்கிக்கொண்டார்கள்.

“ஐயா, நாலு மாசந்தாங்க இருக்கு,” என்றான் செல்லசாமி.

“நாலு மாசத்துல நாங்க ஒரு சங்கத்தையே கட்டியிருக்கோம். ஒரு மேசை கட்ட மாட்டோமா?” என்று தலைவர் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வைகாசி நடுவில் அவனை அட்டனுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அளவெடுக்க வேண்டுமாம். மேசைக் கமிட்டி அதுவரைக்கும் மூன்று தடவை கூடி, மேசைக்கு நாலு கால் வேண்டும் என்கிற கட்டம் வரைக்கும் வந்திருந்தது.

காரியாலயம் என்பது கடைத்தெரு மேல்மாடியில் ஒரு அறை. அதில் ஒரே ஒரு நாற்காலி. அதில் தலைவர் இருந்தார். பழனியாண்டி, கூட்ட நடவடிக்கை எழுதும் மினிட்டுப் புத்தகத்தோடு நின்றார். நோர்வூட்டில் மரக்கடை வைத்துத் தச்சு வேலை செய்த மக்பூல் பாஸ் அளவுநாடாவோடு நின்றார். செல்லசாமி வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பிறந்ததிலிருந்து எந்தக் கந்தோரிலும் உட்கார்ந்தது கிடையாது. தோட்டத்து ஆபீசில் ஜன்னலுக்கு வெளியே நிற்பான். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முன்னால் வரப்புக்குக் கீழே நிற்பான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மழையில் நிற்பான். உட்காரு என்று ஒருவன் சொன்னால் ஏதோ கெட்ட சேதி வரப்போகிறது என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கும்.

“முழங்கை உயரம்தான் முக்கியம்,” என்றார் தலைவர். “பாஸ், அளவெடுங்க.”

“அளவெண்டா உக்கார வெச்சுத்தான் எடுக்கோணும் தலைவர்,” என்றார் மக்பூல் பாஸ்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். உட்காருவதற்கு அங்கே இருந்தது தலைவரின் நாற்காலி ஒன்றுதான்.

தலைவர் நன்றாக யோசித்தார். “ஒரு தோட்டத் தொழிலாளி இந்த நாற்காலியிலே உட்காருவதை நான் கொள்கையளவில் வரவேற்கிறேன். அந்த நாளுக்காகத்தான் இந்தச் சங்கமே இருக்கிறது. ஆனால் அதை இன்றைக்கே செய்துவிட்டால் நாளைக்குச் சங்கத்துக்கு என்ன வேலை? மத்திய கமிட்டியிடம் கேட்க வேண்டும்.”

“தரையில உக்காரட்டுமே,” என்றார் பாஸ்.

“தரையிலே உட்காருவது அடிமைத்தனம் என்று தீர்மானமே இருக்கிறது,” என்றார் பழனியாண்டி.

“நான் நிக்கிறேங்க. எனக்கு நின்னு பழக்கந்தாங்க,” என்றான் செல்லசாமி. தன்னால் பெரிய மனிதர்களுக்குள் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாதே என்கிற பயம் அவனுக்கு.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. நின்றவாக்கிலேயே அளவெடுத்தார்கள். தரையிலிருந்து முழங்கைக்கு மூன்றடி நாலங்குலம். பழனியாண்டி அதை மினிட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

மக்பூல் பாஸ் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “இது மேசையில்ல தலைவர், கடையில சாமான் நிறுக்கிற பலகை. நெஞ்சுக்கு வரும். உக்காந்து எழுத ஏலாது,” என்றார்.

“மினிட்டுல ஏறிடிச்சே,” என்றார் பழனியாண்டி.

“அழிச்சுட்டு எழுதுங்க.”

பழனியாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். “பாஸ், நீங்க மரத்தை வேணும்னா இழைச்சுக் கொறைக்கலாம். மினிட்டை இழைக்க முடியாது.”

மேசை அந்த அளவுக்கே செய்யப்பட்டது. நல்ல பலா மரம். நாலு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அது தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆனி பிறந்துவிட்டது. மனு எல்லாம் அனுப்பி முடித்திருக்க வேண்டிய மாதம்.

உயர்ந்த மேசைக்கு உயர்ந்த நாற்காலி வேண்டும். அதற்கு ஒரு உபகமிட்டி. உயரத்தை ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். ஆனால் நாற்காலிக்குக் கை வைப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு வாரம் போயிற்று. கை வைத்த நாற்காலியில் துரையும் பெரிய கிளாக்கரும்தான் உட்காருவார்கள். அதை ஒரு கவ்வாத்துக்காரனுக்குக் கொடுத்தால் மற்றத் தோட்டத்துக்காரனும் கேட்பான் என்றார் ஒருவர். கையில்லாமல் கொடுத்தால் தொழிலாளியைச் சங்கமே கேவலப்படுத்தியதாகும் என்றார் இன்னொருவர். கடைசியில் தலைவர் தலையிட்டுச் சமரசம் செய்துவைத்தார். நாற்காலிக்கு ஒரு கை மட்டும் வைப்பது. ஜில்லாவில் அதுவரைக்கும் இப்படி ஒரு நியாயம் வழங்கப்பட்டதில்லை என்று எல்லாரும் கை தட்டினார்களாம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கியது. பாதம் பரவி நிற்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறதே? ஆகவே கால் வைக்க ஒரு முக்காலி. முக்காலி உயரமாகப் போனதால், ஏறி உட்கார இரண்டு படி.

இடத்துக்குத் துரையிடம் கேட்டார்கள். வழக்கமாக ஒரு ஆணி அடிக்கக் கேட்டாலும் மூன்று கடிதம் எழுதவைக்கிற மனிதர், கேட்ட அன்றைக்கே பழைய மடுவத்தைத் திறந்துவிட்டார். அங்கேதான் முன்பெல்லாம் கொழுந்து நிறுப்பார்கள். நாற்பத்துநாலு குடும்பம் மனுப் போடாமல் இருக்க ஒரு ஓட்டை மடுவம்தான் விலை என்றால், அதைக் கொடுக்க அவருக்கு என்ன கசப்பு?

மடுவத்தில் ஒரே ஜன்னல். எப்படிப் போட்டாலும் வெளிச்சம் வலது பக்கம் விழுந்தது. மேசையைத் திருப்பினால் இடது பக்கம் வந்தது. ஆனால் அப்போது எழுதுகிறவனின் முதுகு வாசலைப் பார்த்தது. வருகிற சனங்கள் முதுகோடு பேச வேண்டும். அதற்கிடையில் தலைவருக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்துதான் வரும் என்று நாமே ஒத்துக்கொண்டால், எதிர்ச் சங்கத்து இடதுசாரிகள் அதைக் கூட்டம் போட்டுச் சொல்ல மாட்டார்களா? இதை விசாரிக்க ஒரு வாரம். பிறகு சுவரை இடித்துப் புது ஜன்னல் வைக்க இன்னொரு வாரம்.

கண் களைத்தால் பார்க்கப் பச்சைச் செடி வேண்டுமல்லவா? மலையிலிருந்து ஒரு தேயிலைச் செடியைப் பிடுங்கித் தொட்டியில் வைத்து மேசையோரம் வைத்தார்கள். பகலெல்லாம் தேயிலையை வெட்டிவிட்டு வருகிறவன் களைப்பாறிப் பார்ப்பதற்கு.

ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, செல்லசாமிக்குப் பொறுக்கவில்லை. ராசம்மாவையும் கூட்டிக்கொண்டு அட்டனுக்கு நடந்தான். தலைவர் கொழும்புக்குப் போயிருந்தார். பழனியாண்டி இருந்தார். அந்த இரும்பு அலமாரி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதன் தலைமேல் செல்லசாமியின் தேயிலைப் பெட்டி, சீட்டு ஒட்டிய கோலத்தில் உட்கார்ந்திருந்தது.

“ஐயா, அந்த மனுப் பாரத்த மட்டும் எடுத்துக் குடுங்கய்யா. இன்னும் ரெண்டே வாரந்தாங்க இருக்கு. முட்டிமேல வெச்சே எழுதி அனுப்பிர்றேன்.”

“முட்டிமேலயா? அதுக்குத் தீர்மானத்துல எடமில்லையேப்பா.”

“புதுப் பாரம் வாங்கி எழுதலாம்னாலும் பெறப்புப் பத்திரமெல்லாம் உள்ளதாங்க இருக்கு. பத்திரம் இல்லாம எடுத்துக்க மாட்டாங்க.”

“பத்திரமா இருக்கில்ல? அப்புறம் என்ன கவல ஒனக்கு?”

ராசம்மா முன்னால் வந்தாள். “அஞ்சாந் தேதிக்குள்ள போவலைன்னா நாங்க நாடத்தவங்க ஆயிருவோம்னு சொல்றாங்க. ஒங்களுக்கு நாடு இருக்குங்களா?”

“நான் போன வருஷமே மனுப் போட்டுட்டேம்மா,” என்றார் பழனியாண்டி, உண்மையை மறைக்கத் தெரியாத மனிதர்.

“எதுமேல வெச்சு எழுதினீங்க?”

“ஜன்னல் கட்டைமேல வெச்சு.”

அவள் அலமாரிமேல் இருந்த பெட்டியைக் கையால் காட்டினாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இங்க பாரும்மா. தேதி வைக்கிறது அரசாங்கத்தோட வேல. மேச வைக்கிறது சங்கத்தோட வேல. ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிட்டா நாடு உருப்படுமா? சாவி தலைவர்கிட்ட இருக்கு. அவர் தெறப்பு விழாவுக்கு வர்றப்போ கொண்டு வருவார்.”

“தெறப்பு விழா எப்போங்க?” என்றான் செல்லசாமி.

“வேலநாள்ல வெச்சா தொழிலாளிக வர முடியாது. ஒங்களுக்காகவே ஞாயித்துக்கெழமையாப் பாத்து வெச்சிருக்கு. ஆகஸ்டு அஞ்சு.”

மலை ஏறும்போது ராசம்மா அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நாலு இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு போய் அலமாரியை உடைத்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. சங்கத்தை எதிர்த்தவன் என்று பேர் வாங்கினால், நாளைக்குத் துரை சீட்டைக் கிழித்து வேலையை விட்டு நிறுத்தினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? இந்தப் பயத்தில்தான் சங்கமே ஓடிக்கொண்டிருந்தது. துரைக்கும் அது தெரியும், தலைவருக்கும் தெரியும். தெரியாத ஆள் செல்லசாமி மட்டும்தான்.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி மடுவத்துக்கு மாவிலை கட்டினார்கள். வாழை மரம் வைத்தார்கள். தப்பு அடித்தார்கள். தலைவர் கோட்டோடு வந்து நாடாவை வெட்டினார். எண்பத்துநாலு குடும்பமும் வெளியில் நின்றது.

“உழைப்பாளப் பெருங்குடி மக்களே,” என்று தலைவர் தொடங்கினார். “நாலு மாதத்துக்கு முன்னால் இந்தத் தோட்டத்திலே என்ன இருந்தது? ஒரு உடைந்த பெட்டி இருந்தது. அதன்மேல் நாற்பது மனுக்கள் எழுதப்பட்டன. இன்றைக்கு என்ன இருக்கிறது? மேசை இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. செடி இருக்கிறது. நாலு மாதமாக ஒரு மனுக்கூட எழுதப்படவில்லை. ஏன்? அவசரப்பட்டு எழுதி நீங்கள் மானத்தை இழந்துவிடக் கூடாது என்று உங்கள் சங்கம் தடுத்து நிறுத்தியது. எதிர்ச் சங்கத்தாரைக் கேட்கிறேன். நாற்பத்துநாலு மனுக்களை, ஒரு கீறல் விழாமல், ஒரு சொட்டு மை படாமல், இத்தனை பத்திரமாக உங்களால் வைத்திருக்க முடியுமா?”

பழனியாண்டி கையைத் தூக்கிக் காட்டினார். சனங்கள் கை தட்டினார்கள்.

செல்லசாமியைப் படியில் ஏற்றி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் கை இருந்தது. மறு பக்கம் விழுந்துவிடுவோமோ என்றிருந்தது. தலைவர் அலமாரிச் சாவியைச் சனங்களுக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, சிவப்பு நாடா கட்டிய மனுக்கட்டை அவன் கையில் கொடுத்தார். பெட்டிக் காமிராவோடு வந்திருந்த படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

“ஐயா, இன்னிக்குத்தாங்க கடைசி நாளு. ஞாயித்துக்கெழமைங்க. தபால் கந்தோர் பூட்டியிருக்குங்க,” என்றான் செல்லசாமி மெதுவாக.

தலைவர் அதைக் காதில் வாங்கி, கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். “கேட்டீர்களா? கடைசி நாள் என்கிறார். கடைசி நாள் வரைக்கும் தளராமல் போராடிய சங்கம் இது.”

படத்துக்காக ஒரு வரி எழுதச் சொன்னார்கள். மேல் மனுவை எடுத்துத் தன் பேரை எழுதினான். படம் பிடித்ததும் பழனியாண்டி பேனாவை வாங்கி மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அது மத்திய கமிட்டியின் பேனாவாம்.

கார் இறங்கிப் போனதும் செல்லசாமி அந்த உயரத்திலிருந்து குதித்தான். மனுக்கட்டை எடுத்துக்கொண்டு காம்பராவுக்கு ஓடினான். பெட்டி ஏது? ராசம்மா கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, மேலே அரிவாள்மணைப் பலகையைக் கழற்றிப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் ஒன்பது மனு எழுதினான். இந்தத் தடவை முதல் மனு தன்னுடையது. திங்கட்கிழமை தபால் கந்தோர் திறக்குமுன்னே வாசலில் போய் நின்றான். மூன்றாம் மாதம் ஒன்பதும் திரும்பி வந்தன. ‘காலம் கடந்தது’ என்று ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை. மற்ற முப்பத்தைந்தை அவன் எழுதவே இல்லை.

பெட்டியின்மேல் எழுதிய நாற்பதில் பாதியை வேறு ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிவிட்டார்கள். பாதிப் பேருக்குக் கிடைத்தது. தேத்தண்ணி கொட்டிய மூக்கனுக்கும் கிடைத்தது. மேசைக்காகக் காத்திருந்த நாற்பத்துநாலில் ஒன்றுக்குக்கூடக் கிடைக்கவில்லை. தலைவர் சோலைமலை அந்த வருஷ அறிக்கையில் நிலையத்தின் படத்தைப் போட்டார். படத்தில் செல்லசாமியின் முழங்கை தெரியவில்லை. மேசை நன்றாக விழுந்திருந்தது.

பதின்மூன்று வருஷம் போயிற்று. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் டில்லியில் உட்கார்ந்து, நாடில்லாதவர்களில் இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் நல்ல மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டுக்கு இந்தியா, அடுத்த வீட்டுக்கு இலங்கை என்று ஆயிற்று. இந்தியாவுக்குப் போகிறவர்களும் மனுப் போட வேண்டும். அதற்கு உதவி செய்வதென்று சங்கம் உடனே தீர்மானம் போட்டது. இந்தத் தீர்மானம் மட்டும் ஒரு வாரத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கறுப்பன்கல் மடுவத்திலிருந்து மேசையை நாலு பேர் தூக்கி அட்டன் காரியாலயத்தில் கொண்டுவந்து போட்டார்கள். ஒற்றைக்கை நாற்காலி எப்போதோ விறகாகிவிட்டது.

செல்லசாமியும் ராசம்மாவும் ஒரு திங்கட்கிழமை வரிசையில் நின்றார்கள். துணைக்கு மூக்கன் வந்திருந்தான். அவன் இந்த நாட்டுப் பிரஜை; அவனுக்கு வரிசையில் நிற்கிற வேலை இல்லை.

“செல்லசாமியண்ணே, எம் பாரத்த எழுதின கை. அந்தக் கைக்கு இப்பிடி வந்திருக்க வேண்டாம்ணே,” என்றான் மூக்கன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பழனியாண்டி, தலை நரைத்துப்போய், உயரமான ஸ்டூலில் இருந்தார். இந்தப் பக்கம் உட்கார ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் நின்றபடியே எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் நின்றபடியே கைநாட்டு வைத்தார்கள்.

செல்லசாமி மேசையில் கையை வைத்தான். முழங்கை மட்டமாக நின்றது. தோள் தூக்கவில்லை, முதுகு வளையவில்லை. பாதம் இரண்டும் தரையில் பரவி நின்றன. ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம் விழுந்தது. பிறந்த இடம் என்ற கோட்டில் கறுப்பன்கல் தோட்டம் என்று எழுதினான். இந்தியாவில் போய்ச் சேரும் ஊர் என்ற கோட்டில் பேனா நின்றுவிட்டது. ராசம்மாவைப் பார்த்தான். அவளுக்கு எட்டாம் நம்பர் மலையைத் தவிர வேறு எந்த ஊர் தெரியும்? அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஏதாவது ஒரு ஊரு போடுப்பா. திருச்சின்னு போடு. பாதிப் பேருக்கு நான் அதான் சொல்றேன்,” என்றார் பழனியாண்டி. அவன் திருச்சி என்று எழுதினான். எழுத்து அச்சடித்ததுபோல் நேராக விழுந்தது. பழனியாண்டி எட்டிப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

“பாத்தியா, எவ்வளவு வசதியா எழுத வருது? அன்னிக்கு மரக்கடைக்காரர் அளவு தப்புன்னாரு. மினிட்டு தப்பாதுன்னு நான் சொன்னேன்ல.”

“அளவு தப்பில்லைங்க,” என்றான் செல்லசாமி. “நிக்கிறவனுக்குத்தானே எடுத்தீங்க.”

சொல்லிவிட்டு, அடுத்த கோட்டில் ராசம்மாவின் பேரை எழுதினான்.